ராமாமணி பெயரில் ஏழு பாயின்ட்

தெய்வாத்தாளுக்கு அழைப்பிதழ் வரவில்லை. கூட ஆடிய மாசாணம்தான் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர்களுக்கும் அணிகளுக்கும் பாராட்டு விழாவாம். தொண்ணூற்றேழில் தென்மண்டலக் கோப்பையை வென்ற பெண்கள் கபடி அணிக்குப் பொன்னாடை, கேடயம், அரங்கத்துச் சுவரில் பெயர்ப்பலகை. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், 'அணியின் சிறந்த ரெய்டர்: திருமதி ராமாமணி'. பல்லடத்துக் கோழிப்பண்ணையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்த தெய்வாத்தாள் அதை இரண்டு தரம் படித்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தப் போட்டி நடந்த வாரம் ராமாமணி குன்னூரில் மாமா பங்களாவில் இருந்தாள். கபடிக் களத்து மண் அவள் செருப்பில்கூட ஒட்டியதில்லை. அவள் அப்பா பீளமேட்டு மில்காரர். அணிக்குச் சட்டையும் வேனும் கொடுத்தவர். அந்தத் தயவில் பன்னிரண்டு பேர் பட்டியலில் கடைசியாக மகள் பெயரும் ஏறியிருந்தது. தெய்வாத்தாளுக்கோ மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அவள் அப்பா நாற்பது நாள் வீட்டிலேயே பிடித்து வைத்துவிட, வருகைப்பதிவு போதாமல் அவள் பெயர் அடிபட்டுப் போனது. அணியில் உருப்படியாக ரெய்டு போகிறவள் அவள் ஒருத்திதான். கோச் நஞ்சுண்டன் யோசிக்கவேயில்லை. ராமாமணியின் அடையாள அட்டையில் இருந்த படத்தை உரித்துவிட்டுத் தெய்வாத்தாளின் படத்தை ஒட்டினார்.

இறுதி ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடத்தில் அவள் ஏழு பாயின்ட் எடுத்தாள். நாலாவது பாயின்ட்டில் மூன்று பேர் மேலே விழுந்து இடது தோள் எலும்பு முறிந்தது. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டே மறுபடியும் பாடிப் போனாள். ஸ்கோர் நோட்டில் ஏழும் ராமாமணி பெயரில் ஏறின. ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட ராமாமணிதான்.

அதையும் பொறுத்துக்கொண்டு இருபத்தேழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாளே, அதுதான் பெரிய விஷயம். பொறுக்க முடியாமல் போனது போன வாரத்துப் பேப்பரில் வந்த பேட்டியைத்தான். எலும்பு முறிந்த வலியிலும் அணியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன் என்று ராமாமணி கூசாமல் சொல்லியிருந்தாள். யாருடைய எலும்பு, யாருடைய பல்? மழைக்காலம் வந்தால் தீவன மூட்டையைத் தூக்க முடியாமல் தவிக்கிற தோள் இங்கே பல்லடத்தில் இருக்கிறது.  தெய்வாத்தாள் மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினாள்.

அரங்கத்து வாசலிலேயே மாசாணம் வழிமறித்தாள். அவள் இப்போது போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். வேலை கிடைத்தது அந்தக் கோப்பைச் சான்றிதழில்தான்.

"ஆள்மாறாட்டம்னு வெளிய வந்துச்சுன்னா கோப்பையே செல்லாதுன்னு சொல்லிப்போடுவாங்க புள்ள," என்றாள் மாசாணம். "என் வேலை போயிரும். இன்னும் மூணு பேரு இதுல வேலைக்குப் போயிருக்காங்க. அவ மூஞ்சிக்காக வேண்டாம், எங்களுக்காக வாயத் தொறக்காத."

தெய்வாத்தாள் அவளை முறைத்தாள். படம் ஒட்டும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தானே எல்லோரும். பேட்டியைப் படித்துவிட்டு அவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்காவது தோன்றியதா? ஆனாலும் நாலு குடும்பத்துச் சோற்றில் மண்ணைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. சரி, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்த கையோடு தன்மேலேயே கோபம் வந்தது.

உள்ளே போனால் எதிரே ராமாமணி. பட்டும் வைரமுமாக வந்தவள், தெய்வாத்தாளைக் கண்டதும் ஒரு கணம் நின்று, சிரித்தாள்.

"ஏனுங்க தெய்வாத்தா, நல்லா இருக்கீங்களா? பழசையெல்லாம் கிளறிப்போடாதீங்க. யாரு பேரா இருந்தா என்னங்க, ஜெயிச்சது டீம்தானுங்களே."

"யாரு பேரா இருந்தாலும் ஒண்ணுதானுங்களே," என்றாள் தெய்வாத்தாள். "அப்ப பலகையில எம் பேரப் போடச் சொல்லிப்போடுங்க."

ராமாமணியின் சிரிப்பு அப்படியே நின்றது. பண்ணையிலிருந்து நேராக வந்துவிட்டீர்களா, வாசம் அடிக்கிறதே என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்தாள். தெய்வாத்தாள் பார்வையாளர்களோடு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். 

விழா அரங்கத்தின் நடுவிலேயே நடந்தது. ஒரு பக்கம் மேடை, அதற்கு முன்னால் புதிதாக விரித்த கபடி மேட். எழுபத்தெட்டு வயது நஞ்சுண்டனை மேடையில் முதல் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தெய்வாத்தாளைப் பார்த்துவிட்டார், பார்த்த நிமிஷத்திலிருந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ராமாமணி பெயரை வாசித்தபோது எலும்பு முறிந்த கதையையும் சேர்த்து வாசித்தார்கள். அரங்கமே எழுந்து கை தட்டியது. தெய்வாத்தாள் மட்டும் எழவில்லை.

அதோடு விட்டிருந்தால் அவளும் விழுங்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போயிருப்பாள். போட்டோக்காரர்தான் கெடுத்தார். மேடம் ஒரு ரெய்டு போகிற மாதிரி நின்றால் நன்றாக இருக்கும் என்றார். ராமாமணி கேடயத்தை ஏந்திக்கொண்டு மேட் மேல் இறங்கினாள். செருப்பைக் கழற்றவில்லை. நடுக்கோடு வந்தது. அதைக் குதிகால் செருப்போடு மிதித்துத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், கபடி கபடி என்று சிரித்துக்கொண்டே நின்றாள்.

கபடி ஆடுகிறவர்கள் உயிரே போனாலும் அப்படிச் செய்ய மாட்டார்கள். முதல் நாள் பழகுகிற பெண்கூடக் கோட்டைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எதிர்ப்பக்கம் கால் வைப்பாள். மேட் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இந்த வருஷத்து அணிப் பெண்களின் கைதட்டல் சட்டென்று நின்றது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நஞ்சுண்டன் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார்.

தெய்வாத்தாள் எழுந்துவிட்டாள்.

மாசாணம் ஓடிவந்து கையைப் பிடித்தாள். சத்தியம் செய்தாயே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். தெய்வாத்தாள் அந்தக் கையை எடுத்துவிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். செருப்பை மேட் ஓரத்துக்கு வெளியே விட்டாள். நடுக்கோட்டில் குனிந்து, வலது கையால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள்.

"கபடி கபடி கபடி..."

அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். வயசு நாற்பத்தெட்டு, உடம்பு கனத்துவிட்டது. ஆனால் பாட்டு அறுந்துபோகவில்லை. சிரித்துக்கொண்டிருந்த ராமாமணி பின்னால் நகர்ந்தாள். தெய்வாத்தாள் இடப்பக்கம் போவதுபோல் ஒரு எட்டு வைத்து வலப்பக்கம் திரும்பினாள். ராமாமணி எந்தப் பக்கம் விலகுவதென்று தெரியாமல் கேடயத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெய்வாத்தாள் ஒற்றை விரலால் அவள் தோளைத் தொட்டாள். இடது தோள். எந்தக் காலத்திலும் முறிந்திராத எலும்பு. தொட்டுவிட்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டே பின்வாங்கி வந்து, கோட்டைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

 மேடையில் நஞ்சுண்டனின் வலது கை மேலே போனது. ஒரு விரல் நீட்டி, பாயின்ட் தெய்வாத்தாள் பக்கம் என்று காட்டினார். காட்டிய கையை இறக்கவில்லை. மேட் ஓரத்துப் பெண்கள் தொடையில் தட்டிக் கத்தினார்கள்.

ராமாமணி பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன அசிங்கம் இது என்று கேட்டாள்.

சத்தியத்தை மீறாமல் சொல்லக்கூடியது ஒன்றுதான் தெய்வாத்தாளிடம் இருந்தது. அது ஆட்டத்தின் விதி.

"அவுட்டானவங்க உள்ள நிக்கக் கூடாதுங்க அம்மணி," என்றாள். "வெளிய போங்க."

ராமாமணி மேடையைப் பார்த்தாள். கிழவரின் கை இன்னும் இறங்கவில்லை. இத்தனை வருஷம் அவளோடு வாய் மூடி இருந்த மாசாணத்தைப் பார்த்தாள். மாசாணம் ஓரக்கோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். ராமாமணி கேடயத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றாள்.