வெங்காயத்துக்கு அசராத கண்

கோட்டை மாரியம்மன் சன்னதியில் சூடத்தைக் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி: இதில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நடந்தது நடந்தபடி. சந்தேகப்படுகிறவர்கள் வடமதுரைப் பக்கம் போய் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். போகும்போது கண்ணைத் துடைக்க ஒரு துண்டு கொண்டுபோவது நல்லது.

திண்டுக்கல் தனி மாவட்டமான வருஷம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நர்கீஸ் அக்கா நடத்திய பிரியாணிக் கடையில் ஆண்டிச்சாமிக்கு வெங்காயம் உரித்து அரிகிற வேலை. எல்லாம் சின்ன வெங்காயம், நாளைக்கு ஒரு மூட்டை. பதினெட்டு வருஷமாக அதே முக்காலி, அதே அரிவாள்மணை. முதல் வருஷம் அழுதார். ரெண்டாம் வருஷம் மூக்கு மட்டும் ஒழுகியது. ஐந்தாம் வருஷத்தோடு கண் சுத்தமாக வற்றிப்போனது. எப்படி வற்றியது என்றால், காற்றடி காலத்தில் கண்ணில் தூசி விழுந்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் வந்து தானாக வெளியேறிவிடும். ஆண்டிச்சாமிக்குக் கோழி இறகை விட்டுப் பெருக்கி எடுக்க வேண்டும். அதற்கென்றே ஓர் இறகு கடைச் சுவரில் ஆணியில் தொங்கியது. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

கண்ணை விடுங்கள், மனுஷனுக்குப் புத்திதான் ஓரிடத்தில் உட்காராது. ஒரு கேள்வி வந்துவிட்டால் கால் ஆட ஆரம்பிக்கும். பால் பொங்கி வழிகிறதே, தண்ணீர் ஏன் கொதித்தும் அப்படிப் பொங்குவதில்லை? துணி நனைந்தால் ஏன் கருத்துத் தெரிகிறது? மழைக்காலத்தில் மட்டும் கதவு ஏன் நிலையைப் பிடித்துக்கொள்கிறது? சாப்பிட வந்தவர்களிடம் கேட்பார், கறிக்கடையில் கேட்பார், டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரிடம் கேட்பார். பதில் கிடைக்காத நாளில் ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு பாயின் கோரை நாலு இழை உருவிக்கொண்டு வந்துவிடும்.

அவர் கேட்ட எதற்கும் பதில் சொன்ன ஆள் உலகத்தில் ஒருவர்தான்: மாமனார் கருப்பணன். வடமதுரைக்கு வடக்கே ரெண்டு மைலில் காட்டு வெள்ளாமை. ஊரில் ஒருத்தரோடும் ஒத்துப்போகாதவர். ஆனால் மருமகன் வந்து உட்கார்ந்தால் பதில் தயாராக இருக்கும். அத்தனையும் தப்பு. பால் ஏன் பொங்குகிறது என்று கேட்டதற்கு, "அதுக்கு மாட்டு ஞாபகம் வந்திருது மாப்ளை, கிளம்பிப் போகப் பாக்குது," என்றார். ஆண்டிச்சாமிக்கு அது போதும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தக் கருப்பணன் ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை செத்துப்போனார்.

வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும்வரை உடம்பைப் போட்டு வைக்கத் திண்டுக்கல்லிலிருந்து ஐஸ் பாளம் போனது. அதே வண்டியில்தான் ஆண்டிச்சாமியும் போய் இறங்கினார். பொம்பளைகள் வட்டம் கட்டி, கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். மகன் பொன்னுத்துரை தலையில் அடித்துக்கொண்டு அழுத சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. ஊரே மருமகன் முகத்தைப் பார்த்தது. அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தலைமாட்டில் போய் நின்றார். நெஞ்சுக்குள் என்னவோ உருண்டது. உருண்டது மேலே வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஐஸ் பாளத்திலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பி, பெஞ்சிலிருந்து கீழ்நோக்கி வழிந்தது. கால் ஆட ஆரம்பித்தது. கேட்க வேண்டிய ஆள் பக்கம் பழக்கத்தில் திரும்பிக் குனிந்துவிட்டார். அவர் மூக்கில் பஞ்சு இருந்தது. வேறு வழியில்லாமல் பொன்னுத்துரையிடம் கேட்டார்.

"ஏன் மாப்ளை, வெந்நீர்ப் புகை மேல போகுது. இந்த ஐஸ் புகை மட்டும் ஏன் கீழ போகுது?"

அழுகை அத்தனையும் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஆண்டிச்சாமியின் பெண்சாதி சுப்புத்தாய் தலையை நிமிர்த்தினாள். "எங்கய்யா கிடக்காரு. உங்களுக்குப் புகை கேக்குதாக்கும்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காரியமெல்லாம் முடிந்து ஆண்டிச்சாமி ஊருக்குக் கிளம்பியபோது அவள் கிளம்பவில்லை.

மூன்றாம் நாள் பொன்னுத்துரை மொட்டைத் தலையோடு பிரியாணிக் கடைக்கு வந்து தகவல் சொன்னான். பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்கு மச்சான் கண்ணிலிருந்து ஒரு சொட்டாவது மண்ணில் விழ வேண்டும். விழுந்தால் அக்கா பெட்டியைக் கட்டும். விழாவிட்டால் அக்கா இனி அங்கேதான்.

"வெங்காயத்தையே கட்டிக்கிட்டு அழச் சொல்லுன்னுச்சு. அதுக்கும் அவுகளுக்கு அழுகை வராதேக்கான்னு நானும் சொல்லிப் பாத்தேன் மச்சான். கேக்கல," என்றான்.

அதற்குப் பிறகு ஆண்டிச்சாமி முக்காலியில் முழுசாக உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. பாதி வெங்காயத்தில் எழுந்து போய்விடுவார். ஊரே மூக்கைச் சிந்திய ஒரு படத்துக்கு ஐந்து ஆட்டம் தொடர்ந்து போனார். ஐந்தாவது ஆட்டத்தில் பக்கத்து சீட்டுக்காரர், இப்படி ஒரு கல்நெஞ்சனா என்று எழுந்து இடம் மாறினார். செங்கல் சூளைப் புகையில் முகத்தைக் காட்டினார். புருவம் பொசுங்கியது. கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் கோக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு நாள் முழுக்கக் கொட்டாவி விட்டார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கொட்டாவி விட்டு, பாதி இலையில் தூங்கிவிட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு சிறுமலை அடிவாரம்வரை எதிர்காற்றில் கண்ணை விரியத் திறந்தபடி மிதித்தார். ஒன்பது கொசு, ஒரு தட்டான். சொட்டு மட்டும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் நர்கீஸ் அக்காவுக்கே பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்சல் வாங்க வரும் டீச்சரம்மா ஒருத்தி காந்திகிராமத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறாள், பெயர் சகாயசெல்வி, அவளைப் போய்ப் பார் என்று விரட்டிவிட்டாள். "கொட்டாவி மட்டும் அங்க போயி விட்டுறாத," என்றும் சொன்னாள்.

சகாயசெல்விக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, அரிந்தபடியே விளக்கினாள். வெங்காயத்துக்குள் ரெண்டு சரக்கு தனித்தனி அறையில் இருக்கிறது. சும்மா இருக்கும்வரை ஒன்றையொன்று பார்ப்பதில்லை. கத்தி பட்டதும் சுவர் உடைந்து ரெண்டும் சேர்கிறது. சேர்ந்ததும் ஓர் ஆவி கிளம்புகிறது. அது கண்ணின் ஈரத்தில் போய்க் கரைந்து எரிச்சல் கொடுக்கிறது. கண் தண்ணீர் விட்டு அதைக் கழுவுகிறது. நல்ல கூர்மையான கத்தி என்றால் நசுங்குவது குறைச்சல், ஆவியும் குறைச்சல். மொக்கைக் கத்தி என்றால் கிளம்புகிற ஆவிக்கு அளவில்லை. காற்றோட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசம். இத்தனையையும் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தாடைவரை வழிந்துவிட்டது. எதிரே ஆண்டிச்சாமி சலவைக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"உங்க கண்ணு பழகிப்போச்சுங்க. ஆனா துக்கத்துக்கு வர்ற கண்ணீர் வேற. அதுல இருக்கிற சரக்கே வேறன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சுச் சொல்றாங்க," என்றாள்.

"அந்தக் கண்ணீர் எனக்கு ஏன் வரலைங்க? அவரு எனக்கு ரொம்ப வேண்டியவரு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதை அரிஞ்சு பாக்க முடியாதுங்க. எனக்குத் தெரியல," என்றாள்.

படித்தவர் ஒருவர் தெரியலை என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்கிறார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது உறுத்தியது. ஆனால் மொக்கைக் கத்தியை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷமாகத் தினமும் காலையில் சாணை பிடித்த மணையில் அரிந்தால் கண் எப்படி அழும்? தப்பு கண்ணில் இல்லை, கூர்மையில் இருக்கிறது. இரும்புக் கடையில் கழித்துப்போட்ட ஓர் அரிவாள்மணையைத் தேடிப் பிடித்தார். அதில் வெண்ணெயை வைத்து அறுத்தால் வெண்ணெய் ஜெயிக்கும்.

பதினாறாம் நாள் காலையில் அந்த மணையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வடமதுரைக்கு முதல் பஸ் ஏறினார்.

காரியம் முடிந்ததும் கறிச்சோறு போடுவது அவர்கள் வழக்கம். முந்நூறு பேருக்கு உலை வைத்திருந்தார்கள். வெங்காயம் அரிய ஆள் பேசியிருக்கிறோம் என்று பொன்னுத்துரை சொல்லச் சொல்ல, தானே அரிவதாக ஆண்டிச்சாமி ஒற்றைக்காலில் நின்றார்.

"வந்த இடத்துலயும் அதே பொழப்பா மச்சான்? வாங்க, அழத்தான் வராது, அரியவாச்சும் செய்ங்க," என்றான் அவன்.

மூன்று மூட்டை. சனம் உட்கார்ந்திருந்த பந்தலுக்குள்ளேயே ஒரு மூலையைப் பிடித்தார். ஆடிக்காற்று என்று சாக்குச் சொல்லி நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டச் சொன்னார். பிறகு மணையில் உட்கார்ந்து, குனிந்து, மூஞ்சியை வெங்காயத்துக்கு நாலு விரற்கடையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அது அரிவதில்லை. நசுக்குவது. பதினெட்டு வருஷத்து வேகம் கையில், துரு ஏறின இரும்பு மணையில். முதல் மூட்டை பாதி போனபோது முன்வரிசையில் ஒரு மூக்கு உறிஞ்சியது. அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்து கிடந்தது. வேகத்தைக் கூட்டினார்.

ரெண்டாவது மூட்டையில் பந்தல் முழுக்க அழுதது. வரப்புத் தகராறில் இருபது வருஷம் கருப்பணனோடு பேசாத பங்காளி, சம்பிரதாயத்துக்கு வந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தவர், "போயிட்டியேப்பா" என்று தரையில் சரிந்தார். தவுலடிக்க வந்தவர்களுக்கு அடி தப்பியது. பிண்டத்துக்கு வந்த காக்கை ஒரு வாய் எடுத்துவிட்டு, இறக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பறந்தது. அறுத்தது போக மிச்சமாகக் கட்டியிருந்த கிடாய், தனக்காக அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எல்லாரையும் நன்றியோடு பார்த்தது. மூன்றாவது மூட்டையில் ஆவி தார்ப்பாயைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. திருச்சி பஸ் ஒன்று, டிரைவருக்குப் பாதை தெரியாமல், ஓரமாக நின்றது. அதிலிருந்த ஐம்பத்திரண்டு பேரும் இறங்கி வந்து, செத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு, அழுது, பந்தியிலும் உட்கார்ந்தார்கள்.

நடுவில் ஒரே ஒரு மனுஷன் உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வெங்காயத்தைக் கையில் எடுத்தார். அதையும் நசுக்கினார். கன்னத்தைத் தொட்டார். மணையைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். கூர்மையில் தப்பு இல்லை. அப்படியானால் தப்பு எங்கே என்று கேட்க ஆளில்லை. கால்கூட ஆடவில்லை. மண்ணைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டார்.

சுப்புத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். எல்லாரையும்விட அதிகமாகக் கதறிக்கொண்டிருந்தவன் பொன்னுத்துரை. அவன் கதறிக்கொண்டே, இலை போட வந்தவனிடம் கறி வெந்திருச்சா என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பங்காளியைப் பார்த்தாள். பஸ்ஸில் வந்தவர்களைப் பார்த்தாள். ஒருத்தர் பாக்கியில்லை, எல்லார் முகமும் ஈரம். தன் கண்ணையும் துடைத்து, அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு பந்தலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "எங்கய்யாவுக்கு அழுதது யாரு, வெங்காயத்துக்கு அழுதது யாருன்னு இனி ஆரு கண்டா? நான் அழுததே எனக்குத் தெரியல. இந்தா உக்காந்திருக்காரே, இவரு ஒருத்தருதான் எதுக்கும் அழலை. இதுல மட்டுந்தான் கலப்படம் இல்ல."

பந்தல் மொத்தமும் ஒருசேர மூக்கைச் சிந்தியது.

அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையிலிருந்த மணையைப் பிடுங்கிச் சுவரோரம் வைத்தாள். "எந்திரிங்க. சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம். அந்த பஸ்ஸுலயே போயிரலாம், ஆளெல்லாம் நம்ம பந்தியில இருக்கு, அது நம்மள விட்டுட்டுப் போகாது," என்றாள். அது திருச்சிக்குப் போகிற பஸ், திண்டுக்கல்லுக்கு இல்லை என்று அவர் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார். ரெண்டு பேரும் அதில் ஏறித் திருச்சி போய், அங்கிருந்து திரும்பித் திண்டுக்கல் வந்து சேர்ந்தார்கள்.

சூடம் அணைத்துச் சொன்ன சத்தியத்தில் ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போனது: ஆண்டிச்சாமிக்குக் கடைசிவரை கல்யாணமே ஆகவில்லை.