பாலத்தைத் தூக்கிய நாள்

“இந்த மாதிரி ஒண்ணு இன்னைக்கு யாராலயும் கட்ட முடியாது.” கைடம்மா கடைசியாகச் சொல்வது எப்போதும் இதைத்தான். மலைமேல் இருக்கும் பழைய கல்மண்டபத்தைச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. சிமென்ட் இல்லை, இரும்பு இல்லை, இத்தனை நூற்றாண்டாக யார் தயவும் இல்லாமல் தானாக நிற்கிறது என்று அவள் அண்ணாந்து சொல்லும்போது வந்தவர்களும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு, “கேள்வி ஏதாவது இருந்தா கேக்கலாம்” என்பாள். பெரும்பாலும் கழிவறை எங்கே என்றுதான் கேட்பார்கள்.

வடக்கு மூலைப் பக்கம் மட்டும் அவள் யாரையும் அழைத்துப்போவதில்லை. அங்கே ஒரு தூணுக்கு அடியில் வேறு நிறக் கல்லை வைத்து ஒட்டுப்போட்டிருக்கும். இவ்வளவு பெருமை பேசிவிட்டு அந்தக் கிழிசலையும் காட்டுவானேன்?

ஆனால் புதிதாக வந்த ஒரு மனிதர் முதல் நாளே நேராக அங்கே போய்க் குந்திவிட்டார். ‘இன்னைக்கு யாராலயும்’ என்று அவள் ஆரம்பித்ததும் மூலையிலிருந்து ஒரு செருமல் வேறு.

“என்ன சார், தொண்டையில ஏதாவது சிக்கிக்கிச்சா?”

“இல்லீங்க. இன்னைக்கும் கட்டறாங்க. நீங்க வந்து பாக்கல, அவ்வளவுதான்.”

மலைக்குக் கீழே ஆற்றுப்பாலத்தைப் பழுதுபார்க்க வந்திருந்த குழுவுக்கு அவர் மேற்பார்வையாளர். கைடம்மாவின் மகள் அவருக்குப் ‘பாலத்துக்காரர்’ என்று பேர் வைத்தாள். விடுமுறை நாள் தவறாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, அதே பேச்சைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போவார். போன மாதம் ஒருநாள் எல்லாரும் இறங்கிப் போனபின், “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டுவிட்டார்.

கைடம்மா பிடிகொடுக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. பயம். முதல் கல்யாணத்தின்போது, பாறை மாதிரி நிற்கும் என்று ஊரே வாழ்த்தியது. அவளும் நம்பி நிம்மதியாக இருந்துவிட்டாள். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அந்தக் கணவர் சொல்லாமல் கொள்ளாமல் போனார். எப்போது விரிசல் விட்டது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இப்போது பாலத்து வேலை முடியப்போகிறது. குழு வேறு ஊருக்குக் கிளம்புகிறது. “போறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க, இல்லைன்னாலும் பரவால்ல” என்றவர், “வியாழக்கிழமை பாலத்தத் தூக்கறோம். வந்து பாருங்க” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பாலத்தைத் தூக்குவதா! கைடம்மா நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டில் பைனாகுலர் இரவல் வாங்கினாள். மகளையும் இழுத்துக்கொண்டு போய், ஆற்றங்கரையில் குடையை விரித்துச் சட்டமாக உட்கார்ந்தாள். பாலத்தின்மேல் பேருந்துகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. தூணின் உச்சியில் நாலைந்து பேர் குனிந்து நின்று எதையோ பார்த்துக் கையசைத்தார்கள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பாலத்துக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக அவளிடம் வந்தார்.

“எப்ப ஆரம்பிப்பீங்க?” என்றாள்.

“முடிஞ்சிடுச்சுங்களே!”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு உயரம் தூக்கினார்கள் என்று கேட்டதற்கு அவர் சுண்டுவிரலைப் படுக்கவைத்துக் காட்டினார்.

“இதுக்கா நான் பைனாகுலர் கொண்டுவந்தேன்?”

அவர் அசடு வழிந்தார். அவளைவிட அவர்தான் இந்த நாளுக்காக ஆசையாகக் காத்திருந்திருக்கிறார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. கைடம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மேலே வந்து பார்க்கும்படி அவர் கூப்பிட்டதும் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு சாரப்படிகளில் ஏறினாள்.

தூணின் உச்சியில் நிமிர்ந்து நிற்க முடியாது. தலைக்குமேல் பாலத்தின் வயிறு. அதை வரிசையாகத் தாங்கிக்கொண்டிருந்தன ஜாக்கிகள். பக்கத்தில், உருவி எடுத்த பழைய ரப்பர் கட்டைகள் நசுங்கி, ஓரம் வெடித்துக் கிடந்தன.

“இம்மாம்பெரிய பாலம் இந்த ரப்பர் மேலயா உக்காந்திருக்கு?”

“ஆமாங்க. வெயில்ல பாலம் நீளும், குளிர்ல சுருங்கும். இறுக்கிக் கட்டிவெச்சா வெடிச்சிடும். இதுதான் அத அசைய விடுது.”

அவள் குனிந்து பார்த்தாள். தூணுக்கும் பாலத்துக்கும் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வெளிச்சக் கோடு. அதற்கு அப்பால் ஆறும் ஒரு படகும் தெரிந்தன. தலைக்குமேல் ஒரு பேருந்து தடதடவென்று போயிற்று. அதில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார்கள், யாரோ பக்கத்துத் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். தாங்கள் அந்தரத்தில் போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கைடம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பழைய ரப்பர் கட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள். “இத மாத்திட்டா, அப்புறம் காலத்துக்கும் நிக்குமா?”

நிற்கும் என்று அவர் சொல்லியிருந்தால் அப்படியே இறங்கிப் போயிருப்பாள்.

“நிக்காதுங்க. வருஷா வருஷம் யாராவது ஏறி வந்து குனிஞ்சு பாக்கணும். தேஞ்சா மாத்தணும்.”

“அப்ப எங்க மண்டபம்தான் ஒசத்தி. அது தானா நிக்குது.”

“தானாவா? வடக்கு மூலைத் தூணப் பாத்ததில்லையா நீங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது.

“அந்த ஒட்டுக்கல்லு, கட்டினவங்க வெச்சது இல்லீங்க. ரொம்பக் காலம் கழிச்சு யாரோ ஒருத்தர், தூணு எறங்கறதப் பாத்துட்டு, மேல இருக்கற பாரத்துக்கு முட்டுக்குடுத்து, அடியில அதச் சொருகியிருக்காரு. நாங்க பண்றதும் அதே வேலைதான். அந்த மனுஷன் மட்டும் வந்து பாக்கலைன்னா உங்களுக்கு மண்டபமும் இல்ல, எனக்கு…”

அவள் சாரப்படிகளில் இறங்கினாள். இத்தனை வருஷமாக எதை மறைத்துவைத்தோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பயணப்பையோடு மண்டபத்துக்கு வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். கைடம்மா அவரைப் பார்க்காததுபோல எல்லாரையும் நேராக வடக்கு மூலைக்கு அழைத்துப்போனாள்.

“எல்லாரும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க” என்றாள். “மண்டபத்தக் கட்டினவர் பேரு வெளிய பலகையில இருக்கு. இந்தக் கல்ல வெச்சவர் பேரு யாருக்கும் தெரியாது. சரிஞ்சா சரியட்டும்னு அவர் போயிருந்தா, இன்னைக்கு நாம இதுக்குக் கீழ நின்னுட்டிருக்க முடியாது.” அந்தக் கல்லை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள். “கேள்வி ஏதாவது இருந்தா கேக்கலாம்.”

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“போன மாசம் கேட்டது ஒண்ணு பாக்கி இருக்குங்க.”

“அதுக்கு சரின்னுதான் பதில்” என்றாள் கைடம்மா, இருபது பேருக்கு நடுவே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா வருஷா வருஷம் குனிஞ்சு பாக்கணும். ரெண்டு பேரும். வேற யாருக்காவது கேள்வி இருக்கா?”

கழிவறை எங்கே என்று கேட்கக் கை தூக்கியிருந்த ஒருவர் மெல்ல அதை இறக்கிக்கொண்டார்.