ஐம்பத்து மூன்றாம் நிமிடம்

...பத்தொன்பது தடவையா, அதுவும் ஒரே ஆளா, இருக்காது, கணினிக்குத்தான் ஏதோ கோளாறு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதே பத்தொன்பது. வகுப்பில் நடத்தும் பாடத்தைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது என் யோசனை, பிள்ளைகள் வீட்டிலும் கேட்டுப் படிக்கட்டும் என்று, துறையிலேயே முதலில் செய்தவள் நான்தான், மதியக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் துறைத் தலைவர், யாராவது ஒரு பிள்ளையை உதாரணமா காட்டுங்க மேடம் என்றார், உடனே ஜன்னலோரப் பெண்தான் நினைவுக்கு வந்தாள், முதல் தேர்வில் ஒன்பது மதிப்பெண், அடுத்ததில் எழுபத்தெட்டு, கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டவள், எல்லாம் என் பதிவுகள் செய்த வேலை என்று வீட்டுக்காரரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன், அவள் எதை எத்தனை முறை கேட்டாள் என்று காட்டலாமே என்றுதான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். மற்றவர்கள் ஒருவர்கூடப் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை, அந்த வெட்கம் அப்புறம், இவள் எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டிருக்கிறாள், மூன்றாம் வாரத்து வெப்பவியல் பாடத்தில் மட்டும் ஐம்பத்து மூன்றாம் நிமிடத்தைத் திரும்பத் திரும்ப... அங்கே அப்படி என்ன நடத்தினேன், வகுப்பே ஐம்பது நிமிடம்தானே?

காதில் மாட்டிக் கேட்டேன். மணி அடிக்கிறது, பெஞ்சுகள் இழுபடுகின்றன, பிள்ளைகள் போகிறார்கள், பிறகு அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு ஆசிரியையின் குரல், இந்த வருஷ செட் எப்படி மேடம், ஐயோ, கழுத்தோரம் குத்தியிருந்த மைக்கை நான் அணைக்கவே இல்லையா, வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே ஏற்றித் தொலைத்திருக்கிறேனா, என் குரல்தான், சாவகாசமாக, "பரவால்ல... அந்த ஜன்னலோரம் ஒண்ணு இருக்கே, அதுக்கு மட்டும் தலைகீழா நின்னாலும் மண்டையில ஏறாது. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு." அதோடு விட்டேனா, சிரித்தேன், எனக்கு இப்படிச் சிரிக்க வருமென்றே தெரியாது. இதையா அந்தப் பெண் பத்தொன்பது தடவை கேட்டாள், எதற்கு, அழவா, படிக்கவா? உடனே அழித்துவிடலாம், அழித்தால் எனக்குத் தெரிந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் என்ன, அவளுக்கு முன்னால் எப்படி நிற்பேன்... அதற்குள் அவளுடைய வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

என்ன நடத்தினேன் என்று சத்தியமாகத் தெரியாது, ஐம்பது நிமிடமும் முதல் பெஞ்சைப் பார்க்காமல் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போனபின் அவள் மட்டும் வழக்கம்போல மேசையருகே வந்து நின்றாள், "மேடம், மைக்கை ஆஃப் பண்ணிடுங்க." தினமும் சொல்வதுதான், நீதான்மா என் மைக் மந்திரி என்று நான் கேலி செய்வதும் தினமும்தான், எந்த வாரத்திலிருந்து சொல்கிறாள்... நாலாம் வாரம், ஆமாம், நாலாம் வாரத்திலிருந்து. இவள் இத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்தது தன்னையா, என்னையா, வேறு யாரைப் பற்றியாவது நான் வாயை விட்டுவிடுவேன் என்றா? பொத்தானில் விரலை வைத்தேன், சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும், இப்போதே, ஆனால் இதை அணைத்துவிட்டுக் கேட்பதா, அணைக்காமல் கேட்பதா...