மிராசும் வாய்தாவும் மூன்று கோழிகளும்

நாய் இருக்கிற வீட்டுக்குக் கோழி சரிப்படாது என்று கல்யாணமான நாளிலிருந்து பகலவன் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போதெல்லாம் முகத்தை வெகு அக்கறையாக வைத்துக்கொள்வான்.

"பாவம், வாயில்லா சீவனுங்க. நம்ம பயலுவ ஒரே நாள்ல முடிச்சுப்புடுவானுங்க."

மனைவி கயல்விழியும் நம்பினாள். ஆனால் உண்மை வேறு. பகலவனுக்குக் கோழி என்றால் பயம்.

ஆறடி ஆள். அறுப்புக் காலத்தில் நெல்லறுக்கும் பெல்ட் வண்டி ஓட்டுகிறவன். பெல்ட்டில் சாரைப்பாம்பு சுற்றிக்கொண்டால் முழங்கால் சேற்றில் இறங்கி, கையாலேயே உருவி வரப்பில் விட்டுவிட்டு, டீ வந்துவிட்டதா என்று கேட்பான். அப்படிப்பட்டவன், ஒரு கோழி இறக்கையைப் படபடவென்று அடித்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவான். சின்ன வயதில் அம்மா ஊரில் ஒரு சேவல் அவனைக் களம் முழுக்க விரட்டி வைக்கோல் போரில் ஏற்றிவிட்டது. அன்று ஏறியவன் மனசளவில் இன்னும் இறங்கவில்லை. இப்போது குடியிருக்கும் பூதலூரில் இந்தக் கதை ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் இரண்டு நாய்கள். செவலை நிறத்தில் மாடு மாதிரி இருப்பது மிராசு. சோற்றுத்தட்டு தன்னைத் தேடி வரவேண்டும் என்று படுத்தே கிடப்பதால் பகலவன் வைத்த பெயர். ஒல்லியாகக் கறுப்பாக இருப்பது வாய்தா. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டும். வருவது பிறகு எப்போதாவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கயல்விழியின் அக்கா ரெத்தினம் திருவிடைமருதூரிலிருந்து ரயிலேறி வந்தாள். கையில் கூடை. கூடைக்குள் மூன்று பெட்டைக் கோழிகள். அதில் ஒன்றுக்குக் கழுத்தில் இறகே கிடையாது.

"தெனம் தஞ்சாவூர் வரைக்கும் போயி மருந்துக் கடையில கால் கடுக்க நிக்கிற. வீட்டு முட்டையாவது சாப்புடு" என்றாள் ரெத்தினம் தங்கையிடம்.

பகலவன் மெல்லப் பின்னால் நகர்ந்தான். "நாய் இருக்கே அண்ணி..."

"நாய்தான தடை? பழக்கிட்டாப் போச்சு" என்றாள் கயல்விழி. இதற்கென்றே பல நாளாகப் போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தாள்.

பகலவன் சரியென்று தலையாட்டினான். அவன் தன் நாய்களை முழுதாக நம்பியிருந்தான். ஒரே ஒரு முறை பாய்ந்து குரைத்தால் போதும், கோழிகள் மறு ரயிலில் திரும்பிவிடும்.

மறுநாள் காலை முருங்கை மரத்தடியில் கம்பிவலைக் கூண்டு. கொல்லையின் மறுகோடியில் இரண்டு சங்கிலிகளையும் பிடித்துக்கொண்டு பகலவன். அந்த வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான். கயல்விழி கையில் டீக்கடைப் பொறை ரொட்டி வைத்திருந்தாள். நாய் கோழியைப் பார்க்கலாம், ஆனால் சங்கிலியை இழுக்கக் கூடாது. இழுக்காவிட்டால் ஒரு துண்டு பொறை.

வாய்தா ஒரு தரம் குரைத்துப் பார்த்தது. பொறை மிராசுக்குப் போவதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. மிராசுக்கோ வாழ்க்கையே எளிதாகிவிட்டது. கோழியை ஒரு பார்வை, உடனே கயல்விழியை ஒரு பார்வை. படுத்த இடத்துக்கே தீனி வந்தது.

பகலவன் குனிந்து அதன் காதில், "டேய், பேருக்காவது உறுமித் தொலடா" என்றான். மிராசு அவன் மூக்கை நக்கியது.

நாளுக்கு நாள் நாய்களைக் கூண்டின் பக்கம் நகர்த்தினார்கள். நாய்கள் நகர்ந்தால் சங்கிலி பிடித்தவனும் நகர வேண்டுமே.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயிலு."

கயல்விழி மேகம் மூடியிருந்த வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

கூண்டைத் திறக்கிற நாள் வந்தது. பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் வேலியருகே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கயல்விழி இரண்டு கையாலும் கூண்டைத் திறக்க வேண்டியிருந்ததால் பொறைப் பொட்டலத்தைப் பகலவன் லுங்கி மடிப்பில் செருகினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

கழுத்து மொட்டைக் கோழி முதலில் வெளியே வந்தது. நாய்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பகலவனிடம் நடந்து வந்து, லுங்கி மடிப்பைக் குறி வைத்து எம்பியது.

பகலவன் சங்கிலிகளைப் போட்டுவிட்டு ஓடினான். எஜமான் ஓடினால் அது விளையாட்டு என்பது நாய்களின் எண்ணம். சங்கிலி கலகலக்க அவையும் ஓடின. பொட்டலத்திலிருந்து தூள் சிந்திக்கொண்டே போக, பின்னால் மொட்டைக் கழுத்து, அதன் பின்னால் மற்ற இரண்டு கோழிகள். வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள்.

"என்னடி கயலு, சாமி பொறப்பாடு மாதிரியில்ல போவுது" என்றாள் கமலாம்பாள்.

இரண்டாவது சுற்றில் பகலவன் துணி துவைக்கிற கல்லில் ஏறி நின்றுவிட்டான். கீழே நாய்களும் கோழிகளும் ஒரே இடத்தில் முட்டிமோதிப் பொறைத் தூளைத் தின்றுகொண்டிருந்தன. வாய்தாவின் முதுகில் ஒரு கோழி ஏறி நின்றது. வாய்தா கண்டுகொள்ளவேயில்லை.

கயல்விழி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு திரும்பியதும் கேட்டாள்: "நாய்க்குத்தான ஆவாதுன்னீங்க?"

"எனக்கும் கொஞ்சம் ஆவாது" என்றான் கல்லின் மேலிருந்து.

வைக்கோல் போர்க் கதையை அன்றைக்குத்தான் சொன்னான். அவள் கேலி செய்யவில்லை. மறுநாள் காலை கொல்லையின் கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காருங்க. கோழியப் பாருங்க. எந்திரிச்சு ஓடக்கூடாது."

அவன் பார்த்தான். ஓடவில்லை. அவள் ஒரு துண்டு கடலை மிட்டாயை அவன் வாயில் வைத்தாள்.

"நான் என்ன மிராசா?"

"மிராசு சீக்கிரம் கத்துக்கிட்டான். நீங்க எப்படின்னு தெரியல."

நாய்கள் இருபுறமும் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. நாற்காலி நாளுக்கு நாள் முன்னால் வந்தது. கடலை மிட்டாய் தீர்ந்து எள்ளுருண்டை வந்தது. கோழிகள் அவன் காலடியில் கிளறும் அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் தொடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. கயல்விழி இன்னும் ரயிலில் இருந்தாள். இரண்டு கோழிகள் கூண்டுக்குள் ஓடிவிட, மொட்டைக் கழுத்து மட்டும் வாழைக்கன்றுகளின் நடுவே வழி தெரியாமல் நனைந்துகொண்டு நின்றது. இடி இடித்தது. வாய்தா அதைச் சுற்றிச் சுற்றிக் குரைத்துவிட்டு, வாசற்படியில் நின்ற பகலவனிடம் ஓடி வந்து அவன் லுங்கியைப் பிடித்து இழுத்தது.

பகலவன் மழையில் இறங்கினான். குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினான்.

எவ்வளவு லேசு. அத்தனை வருஷம் பயந்தது இந்த ஒரு பிடி ஈரத்துக்கா? இறகுக்குள்ளிருந்து அதன் நெஞ்சு அவன் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. தன் நெஞ்சைவிட வேகமாக அடித்ததில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டுகிற மழையில் தனியாக நின்று சிரித்தான்.

படியேறியதும் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"டேசன்ல எறங்கிட்டேன். கொட கொண்டாரீங்களா? கோழியெல்லாம் அடைஞ்சிருச்சா?"

"ரெண்டு அடைஞ்சிருச்சு. ஒண்ணு என் கையில இருக்கு."

"எது?"

"மொட்டக்கழுத்து."

"கையிலன்னா?"

"கையிலன்னா கையிலதான். எப்படி எறக்கி வுடுறதுன்னுதான் தெரியல. படபடன்னு அடிச்சா நான் போட்டுருவேன்."

பதிலுக்கு அவள் சிரிப்பதுதான் கேட்டது.

ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மார்போடு அணைத்த கோழி, இருபுறமும் சொட்டச் சொட்ட நாய்கள் என்று அவன் பிளாட்பாரத்தில் ஏறியபோது, மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவனுக்கு வெட்கமாகவே இல்லை.

கயல்விழி கோழியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்" என்றான் பகலவன். "நீ கொடயப் புடி."