ஜொவிட்டாவுக்கு ஜொவிட்டா எழுதிய சிபாரிசு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் கேட்காமல் எடுத்துக்கொண்ட கதை. தரமணியில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம். (தேடாதீர்கள், நான் கட்டியதுதான்.) அங்கே ஆய்வாளர்களுக்கு ‘உங்கள் முன்னேற்றம் உங்கள் கையில்’ என்று ஒருநாள் பயிலரங்கு. துண்டறிக்கையைத் தமிழில் எழுதித் தர என்னைக் கூப்பிட்டார்கள். ‘போஸ்ட்டாக்’ என்பதற்கு ‘முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்’ என்று எழுதினேன். அதைச் சரிபார்க்க வந்தவள் ஜொவிட்டா, அங்கே ஆறு வருடமாக போஸ்ட்டாக்.

“பிந்தைய-ங்கறத மட்டும் மாத்திடாதீங்க மேடம். எங்க நிலைமைக்கு அதான் கரெக்ட்டு,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வயிற்றெரிச்சலாகிப் போனது.

2

‘சாந்தோம் தேவாலயத்தின் மேல் மழை மெல்ல’

(வேண்டாம். மழையில் தொடங்கினால் கோபம் நமத்துவிடும்.)

‘ஜொவிட்டா சின்ன வயதிலிருந்தே அறிவியலில்’

(இது பள்ளி ஆண்டு விழாப் பேச்சு. அடித்துவிட்டேன்.)

‘முப்பத்தைந்து வயது நிறைய ஜொவிட்டாவுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.’

இது இருக்கட்டும். சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம், நிரந்தர வேலை, இரண்டும் சேர்த்துத் தரும் திட்டம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். முப்பத்தைந்து தாண்டினால் கிடையாது. பயிலரங்கு நடந்த அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, தலைமை ஆய்வாளர் ரகுபதியின் சிபாரிசுக் கடிதம் மட்டும் பாக்கி. அது வராவிட்டால் அவ்வளவுதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டித்துத் தரச் சொல்லிக் கெஞ்சும் பிழைப்புதான். அதுவும் எத்தனை நாளைக்கோ. ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஃப்ளோரா, “என்னாச்சு” என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

3

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். சிபாரிசுக் கடிதத்தைச் சிபாரிசு செய்பவர் எழுதுவதில்லை.

“நீயே ஒரு டிராஃப்ட் போட்டுடும்மா. நான் பாத்து சைன் பண்ணிடறேன்,” என்றார் ரகுபதி.

ஜொவிட்டா உட்கார்ந்து, ஜொவிட்டாவைப் பற்றி, வேறு யாரோ எழுதுவதுபோல எழுதினாள். நான்கு நாள் மதிய இடைவேளை அதற்கே போனது. பொறுமைசாலி, நேரம் தவறாதவர் என்று தன்னைப் பற்றித் தானே எழுதும்போது கூச்சம் பிடுங்கித் தின்றது. ஒரே ஒரு வரியைத்தான் கூச்சமில்லாமல் எழுதினாள்: ‘மருந்துக்கு அடங்கிய வாய்ப்புற்றுக் கட்டி மறுபடி ஏன் வளர்கிறது என்பதை இவர் கண்டுபிடித்தார்.’

(கடிதம் ஆங்கிலத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

அது உண்மை. செல் வளர்க்கும் தட்டு (பிளேட்) ஒன்றைக் காட்டி, கெட்டுப்போய்விட்டது, தூக்கிப் போடு என்று ரகுபதி சொன்னார். அவள் போடவில்லை. மேலும் பத்து நாள் வைத்துப் பார்த்தாள். கட்டியின் செல் தானாகப் பிழைக்கவில்லை, பக்கத்திலிருந்த சாதாரண செல்கள்தான் அதற்குத் தீனி போடுகின்றன என்று கண்டது அந்த பிளேட்டில்தான்.

4

பயிலரங்கில் மணி மூன்றரை. இளையவர்களைக் கைதூக்கிவிடுவது எப்படி என்று பேசி முடித்துவிட்டு ரகுபதி மேடையில் உட்கார்ந்திருந்தார். வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார். ஜொவிட்டா அரங்கின் பின்னால் டீ கப் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்பாடும் அவள் தலையில்தான் கட்டப்பட்டிருந்தது.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் தாயம்மா அவளோடு நின்றாள். “இன்னா டாக்டரம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது. துன்னியா இல்லியா?”

“லெட்டர் இன்னும் வரல, தாயம்மா.”

“அதான் மேடைல குந்திக்கினு போன நோண்டிக்கினு கீறாரே. போய்க் கேளேன்.”

அந்த நேரம் பார்த்து ஜொவிட்டாவின் போனில் ரகுபதியின் மின்னஞ்சல் வந்தது. ‘சைன் பண்ணிட்டேன். என் பாஸ்வேர்டுல நீயே ஏத்திடும்மா.’ ரகுபதிக்கு இணையத்தில் ஏற்றத் தெரியாது. ஆறு வருடமாக அவள்தான் ஏற்றுகிறாள்.

கூடவே வந்த கடிதத்தைத் திறந்து பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது, ஓரிடத்தைத் தவிர. ‘கண்டுபிடித்தார்’ என்பதை எடுத்துவிட்டு, ‘என் வழிகாட்டுதலில் கண்டுபிடிக்க உதவினார்’ என்று போட்டிருந்தார். உதவினாராம்! ஜொவிட்டா கையிலிருந்த கப்பை அப்படியே கசக்கினாள்; அவள்

5

நிறுத்துங்கள். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

மேலே போய்ப் பாருங்கள். ரகுபதி ‘சொன்னார்’, ‘உட்கார்ந்திருந்தார்’. ஜொவிட்டா ‘எழுதினாள்’, ‘அடுக்கிக்கொண்டிருந்தாள்’. தாயம்மாவும் ‘நின்றாள்’. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போட்டது. பெண்பிள்ளை நான், அதுவும் கோபத்தோடு எழுதுகிறவள். இருவரும் முனைவர்கள். அந்த ஆள் மாற்றியது ஒரு சொல்லை. நான் எத்தனை சொல்லை மாற்றியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே கேவலமாக இருக்கிறது. இதுவரை ஜொவிட்டாவுக்கு ‘ஆர்’ கிடைத்தது, தன்னைப் பற்றித் தானே எழுதிய கடிதத்தில் மட்டும்தான்.

திருத்தி மறைக்கப்போவதில்லை. அப்படியே கிடக்கட்டும். இனி ஜொவிட்டா ‘அவர்’.

6

டீ இடைவேளையில் ஜொவிட்டா நேரே ரகுபதியிடம் போனார்.

“சார், ஒரு வார்த்தைய மாத்தியிருக்கீங்க.”

“எது? ஓ, அதுவா. ரொம்பத் தம்பட்டமா இருந்தா கமிட்டில நம்ப மாட்டாங்கம்மா. உன் நல்லதுக்குத்தான்.”

“அந்த பிளேட்டத் தூக்கிப் போடச் சொன்னீங்க சார்.”

ரகுபதி சிரித்தார். “நான் போடச் சொன்னதாலதான உனக்கு வீம்பு வந்து வச்சுப் பாத்த? அதுவும் வழிகாட்டுதல்தான்.”

சொல்லிவிட்டு சமோசாவை எடுத்துக் கடித்தார். (இந்த வசனத்தை நான் கற்பனை செய்தேன். செய்யக் கொஞ்சமும் கஷ்டப்படவில்லை.)

7

மணி நாலு நாற்பது. ஜொவிட்டா மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ரகுபதியின் கையெழுத்துப் படம் ஜொவிட்டாவிடம் இருக்கிறது. பொருள் வாங்கும் சீட்டுகளில் ஜொவிட்டாதான் அதை ஒட்டுவது வழக்கம். அதைத் தன் பழைய கடிதத்தின் கீழே ஒட்டி அனுப்பிவிடுகிறார். எனக்குப் பிடித்த முடிவு. பிடிபட்டால் திருடிப் பட்டம் எனக்கில்லை, அவருக்கு.

இரண்டாவது: எதையும் அனுப்பாமல், கணினியை மூடிவிட்டு, நிமிர்ந்து வெளியே நடக்கிறார். எழுதி முடித்ததும் என்மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்தவர் வயிற்றை வைத்து நான் வீரம் காட்டுகிறேன். கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது: நாலு ஐம்பத்தாறுக்கு, ரகுபதி திருத்திய கடிதத்தையே, ரகுபதியின் பாஸ்வேர்டில், தன் கையாலேயே ஏற்றினார். வேறு என்ன செய்வார்? பதினோரு நாள்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். இதற்குமேல் என்னால் முடியாது. ‘ஜொவிட்டா தேர்வு செய்யப்பட்’ வரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன்.

அந்த விண்ணப்பக் கட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. ஆமாம், தேர்வுக் குழுவில் நீங்கள்தான். அறுபது விண்ணப்பம், ஒரு பிற்பகல். ‘உதவினார்’ என்று படித்ததும், பாவம் நல்ல உழைப்பாளி என்று சொல்லி அடுத்ததைப் புரட்டுவீர்கள். இத்தனை வருடம் தெரியாமல் புரட்டினீர்கள்.

இப்போது தெரியும். புரட்டுங்கள், பார்க்கிறேன்.