இடப்பக்கத்து மயிரிழை

அர்க்கன்சாஸ் கத்திக்காரர் சங்கத் தலைவர் கோய் பிராம்லெட்டுக்கு வயது அறுபத்தொன்று; மேடை ஏறினால் நூற்றைம்பது. "ஒரு கத்தியில ரெண்டு பேர் கை பட்டா அது கத்தி இல்ல, பொய்" என்று வருஷா வருஷம் முழங்குவார். யார் முத்திரை இருக்கிறதோ அவரே எஃகை வெட்டுவதிலிருந்து பிடி மாட்டுவது வரை செய்திருக்க வேண்டும், மீறினால் சங்கத்து உறுப்பினர் பலகையிலிருந்து பெயர் நீக்கம் என்ற விதியும் அவர் எழுதியதே.

தட்டச்சு செய்தவள் மனைவி நடீன். இரண்டு வருஷமாக அவர் கத்திகளைத் தேய்ப்பவளும் அவள்தான்.

கோய்க்கு வலக்கை நடுக்கம். கோப்பையைத் தூக்கினால் பாதிக் காபி சட்டைக்குப் போகும். கிரைண்டரில் ஓடுகிற உப்புத்தாள் பெல்ட்டில் அலகின் இரண்டு பக்கச் சரிவையும் சமமாக இறக்க அந்தக் கை இனி ஆகாது. அதனால் மெஷின் முன்னால் நடீன் நின்றாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பையே மெல்லச் சாய்த்து இழுத்தாள். கையுறை கிடையாது, எஃகின் சூடு விரலுக்குத் தெரிய வேண்டும். சுட்டதும் தண்ணீரில் முக்கினாள். முத்திரையை மட்டும் கோய் தன் கையால் அடிப்பார். அது கொள்கை.

கோயின் பட்டறையில் நடந்த ஜூலைக் கூட்டத்தில் சங்கத்து ஆள் வெர்லின் டாக்கெட் அவருடைய பழைய கத்தி ஒன்றையும் புதியது ஒன்றையும் விளக்கடியில் வைத்தான்.

"தலைவரே, ஒரு சின்னச் சந்தேகம்."

"பெரிய சந்தேகம் வர்ற அளவுக்கு உன் மண்டையில இடம் ஏது? கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்துவிட்டுத்தான் சொன்னான்: "பழசுல வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கம், பிடிகிட்ட சரிவு ஒரு மயிரிழை முன்னால போயிருக்கு. வலக்கைக்காரன் யாருக்குமே அந்தப் பக்கம் கொஞ்சம் மக்குதான். புதுசுல அப்படியே தலைகீழா இருக்கே. எப்போ இடக்கைக்கு மாறினீங்க?"

இனிப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நடீன் கூஜாவை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள். மேசையெல்லாம் சிந்தியது. யாரும் பார்க்கவில்லை. கோய் பார்த்தார்.

"மெஷினைப் போடுங்கடா. இவன் கண்ணு முன்னாலயே தேய்க்கிறேன்."

நடீன் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். "கோய், கை நடுங்குதுன்னு சொல்லிடு. யாரும் உன்னைத் தின்னுட மாட்டாங்க."

"பேரை எடுத்துடுவாங்க. நான் எழுதின விதி."

"நான் டைப் அடிச்ச விதி. இன்னொரு வரி அடிச்சா மாத்திடலாம்."

"நீ போய் டீயை ஊத்து."

கிரைண்டர் முன்னால் நின்றும் அவருக்கு நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தது. பிறகு பெல்ட் ஓடியது. அலகு அதில் பட்டு, குளிரில் கிட்டுகிற பல் மாதிரி தடதடத்தது. கோய் தன் கையையே பார்த்தார், ஏதோ இரவல் கையைப் பார்ப்பது போல. நடீன் ஒருத்திக்குத்தான் தெரிந்தது: முதலில் அலகு கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் விரல்கள் நிதானமாகப் பெல்ட்டுக்குப் போயின.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய வெர்லின் வழியெல்லாம் அழுதான். "என் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா!"

வலக்கையில் இரண்டு விரல்கள் கணுவரை போய்விட்டன. கத்திக்காகக் கையையே கொடுத்தவர் என்று சங்கம் பித்தளைத் தகடு அடித்தது, முன்மொழிந்தவன் வெர்லின். கட்டிலில் படுத்தபடியே கோய் அறிவித்தார், இனி இடக்கையால் தேய்க்கப் பழகப்போவதாக. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மயிரிழை எந்தப் பக்கம் இருந்தால் என்ன, இனி எவனும் வாய் திறக்க முடியாது.

ஆகஸ்டில் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு நடீன் ஓர் அலகை முடித்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சமம்.

நாற்காலியில் கோய், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தார்.

"முத்திரை" என்றார்.

"நீ அடி. உன் கொள்கையாச்சே."

"கை எங்கடி இருக்கு எனக்கு?"

அவள் முத்திரை அச்சை எஃகில் நிறுத்தினாள். இடக்கையால் சுத்தியலை ஓங்கி ஒரே அடி.

"நேரா விழுந்துச்சா?" என்றார் கோய்.

கத்தியை அவர் மடியில் போட்டுவிட்டு நடீன் அடுத்த அலகை எடுத்தாள்.