முத்துநுரைக்கு ஒரு நன்றி

விளம்பரம் என்றாலே அவளுக்கு ஆகாது. டி.வி.யில் நாடகம் நல்ல கட்டத்துக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து யாராவது சோப்பையோ பற்பசையையோ தூக்கிக்கொண்டு ஆட வந்தால், தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்ச் சத்தத்தை அமுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. பள்ளிச் சீருடை, ஜாக்கெட், திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பாள். தைக்கும்போது வாயே திறக்கமாட்டாள்.

அவள் கணவர் நேர்மாறு. பஸ் டிரைவர். டெப்போவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வண்டி நின்றாலும் வாய் நிற்காது. வீட்டில் அவள் விளம்பரத்தை அமுக்கினால், விட்ட இடத்திலிருந்து அவரே எடுத்துப் பாடி முடிப்பார். "காசு வாங்காம பாடுறீங்க, அவங்களாவது ஒரு சோப்பு அனுப்பக் கூடாதா" என்று அவள் அலுத்துக்கொள்வாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

அந்த வாய் ஒரு நாள் காலையில் அடைத்துப் போனது. பல் தேய்க்கப் போனவர் நுரையோடு திரும்பி வந்து நின்றார். முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. வலது கையில் சுரணை மெல்லத்தான் திரும்பியது. பேச்சு மட்டும் வரவே இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: சரி.

தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, கால் வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரிதான். என்ன கேட்கிறார் என்று தெரியாமல் அவள் ஒவ்வொன்றாக எடுத்து வந்து காட்டுவாள். துண்டா, தலையணையா, ஜன்னலைத் திறக்கணுமா? அவர் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கண் மட்டும் நிறைந்திருக்கும். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால் போனையே கையில் வாங்கமாட்டார்.

ஓய்வு தேவை, இரைச்சல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் டி.வி.யின் ஒயரையே பிடுங்கிப் போட்டுவிட்டாள். வீடு வெறிச்சென்றாகிவிட்டது. எத்தனை வருஷமாக அவள் ஏங்கிய அமைதி அது. இப்போது அதுவே அவளை அறுத்தது. மெஷினை நிறுத்தினால் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

வாரந்தோறும் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அழைத்துப் போவாள். சின்னப் பெண், பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்பாள். பூனைக்கும் சரி, குடைக்கும் சரி. ஒரு தடவை அட்டைகளை எல்லாம் இடது கையால் தட்டிவிட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார்கள். சிக்னலில் வண்டி நின்றது. எதிரே ஒரு கடையின் மாடியில் சுவரளவு பெரிய திரை. அதில் ஒரு பெண் வாளியும் கையுமாக வந்து நின்றாள். முத்துநுரை சோப்புத் தூள். சினிமாவே பார்க்காதவர்களுக்கும் தெரிந்த பழைய விளம்பரப் பாட்டு. அவள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஒரு கை போதும், ஒரு வாளி போதும், முத்துநுரை வந்தா வீடே வெளுக்கும்..."

கரகரத்த குரல்தான். ஆனால் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ஆட்டோக்காரர் ஏதோ கிண்டல் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பாடியவருக்கே நம்ப முடியவில்லை. தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் அவள். "இன்னொரு தடவை பாடுங்க."

பாடினார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பாடினார்.

பயிற்சிப் பெண் அந்தப் பாட்டைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பேச்சு வருகிற வழி அடைபட்டாலும் பாட்டு வருகிற வழி சிலருக்குத் திறந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே பேச்சுக்கு வரலாம் என்று விளக்கினாள். "சாருக்கு முழுசாத் தெரிஞ்ச பாட்டு எதுவா இருந்தாலும் கொண்டு வாங்கம்மா. எதுவா இருந்தாலும்."

சினிமாப் பாட்டில் அவருக்கு முதல் வரிக்கு மேல் தெரியாது; மற்றதெல்லாம் லாலாலாதான். முழுசாகத் தெரிந்தது விளம்பரம் மட்டுமே. டெப்போவின் ஓய்வறையில் நாள் முழுக்க ஓடிய டி.வி. அவருக்குள் ஊற்றி வைத்தது அது. ஆக, விளம்பரத்தைக் கண்டால் ஓடியவள் விளம்பரம் தேடிப் புறப்பட்டாள்.

தேட வேண்டியிருக்கவே இல்லை. நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன அன்று கண்ணைத் திறந்து பார்த்தாள். இழுத்துச் சாத்திய ஷட்டரில் பெயிண்ட் பெயர், பஸ்ஸின் முதுகில் காப்பித்தூள், பால் பாக்கெட்டில் பிஸ்கட், லிஃப்ட் கதவில் நகைக்கடை. கடைக்காரர் நூல்கண்டு வைத்திருந்த டப்பா பழைய தேயிலை டப்பா. தன் கையில் மாட்டியிருந்த பையிலேயே ஜவுளிக்கடைக்காரரின் போன் நம்பர். இத்தனை வருஷமாக இவற்றுக்கு நடுவே ஒன்றையும் பார்க்காமலா நடந்தோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், ஒவ்வொரு பெயரையும் பார்த்ததும் அதன் பாட்டு தானாக நாக்குக்கு வந்ததுதான். சத்தத்தை அமுக்கி அமுக்கி அவள் என்ன கண்டாள்? எல்லாம் எப்போதோ உள்ளே போய்க் குடியேறியிருந்தன. யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. ஆனால் வந்தவரை லாபம் என்று வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

ஒயரை மாட்டி டி.வி.யைப் போட்டாள். முன்னறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பாடினார்கள். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. பயிற்சிப் பெண் சொன்னபடி, மெட்டை வைத்துக்கொண்டு சொற்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். அவருடைய இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டே சொல்லித் தந்தாள். எத்தனையோ தடவை பழைய வரியிலேயே போய் விழுந்தார். ஒரு நாள் சாயங்காலம் அவளைப் பார்த்துத் தானாகவே பாடினார்:

"ஒரு டீ வேணும், ஒரு டீ வேணும்."

அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

பிறகு போனைக் கையில் வாங்கி, பற்பசை மெட்டில் மகளிடம் "எப்படி இருக்கே கண்ணு" என்று கேட்டார். போகப் போக மெட்டு தேய்ந்து வந்தது. சொற்கள் தள்ளாடித் தள்ளாடித் தனியாக நடக்க ஆரம்பித்தன.

யாருக்காவது நன்றி சொல்லாவிட்டால் அவளுக்கு மனசு கேட்காது போலிருந்தது. முத்துநுரை பாக்கெட் ஒன்று வாங்கி வந்து, அதன் பின்புறத்தில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் என்ன புகார் என்று கேட்டாள்.

"புகார் இல்லம்மா. உங்க பாட்டுக்கு நன்றி சொல்லணும்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தூள் கட்டியாகிவிட்டதா, கையில் அரிப்பா என்று வரிசையாகக் கேட்டாள். இவள் நடந்ததை முழுக்கச் சொன்னாள். பாட்டை யார் எழுதினார்கள் என்று தனக்குத் தெரியாது, மேலதிகாரிகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள் அந்தப் பெண். அப்புறம் குரல் தணிந்து, "இங்க எங்களுக்குத் திட்டு மட்டும்தான் வரும் மேடம்" என்றாள்.

அவர் கையை நீட்டிப் போனைக் கேட்டார். "நல்லா... இரும்மா" என்றார். அதற்கு எந்தப் பாட்டும் தேவைப்படவில்லை.

அந்தத் தூளை அவள் அதற்கு முன்பு வாங்கியதே இல்லை. அன்று வாங்கிய ஒரு பாக்கெட்டும் துணியின் சாயத்தை வெளுத்துவிட்டது. தங்களை நினைத்து யாரும் அந்தப் பாட்டைப் போடவில்லை, தூள் விற்கத்தான் போட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நன்றி நன்றிதான்.

அவர் மறுபடி பஸ் ஓட்டவில்லை. பேச்சு இன்றைக்கும் முட்டி மோதித்தான் வருகிறது. போன மாதம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். "சக்கரை... கம்மி."

டாக்டர் சொன்ன அளவுதான் போட்டேன் என்றாள் அவள்.

"அப்ப... டாக்டரே... குடிக்கட்டும்."

வாய் அடைத்த நாளிலிருந்து அவர் அவளிடம் போட்ட முதல் சண்டை அது. அவளும் விடவில்லை, பதிலுக்குப் பதில் பேசினாள். மடியில் கிடந்த சட்டைக்குக் காலர் தைக்க வேண்டியிருந்தது. கண் நிறைந்து நின்றதால் கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.